பாதையைப் பார், பாறையைப் பார்க்காதே!

வாகனமோட்டும் தேர்வில் நான் தோற்ற இடம் ஒரு சின்ன மேடு.

மேட்டில் ஏறி, கோட்டில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, மறுபடியும் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். நான் கிளம்பவில்லை. கார் மெல்லப் பின்னால் உருண்டது. மேட்டின் அடியில் முறைக்குக் காத்திருந்த அடுத்த கார், கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் எந்த மிதியில் இருக்கிறது என்பதே மறந்துபோனது. ஜேபிஜே அதிகாரி கையசைத்து என்னை இறங்கச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு அந்த உரிமம் அவசியம். அப்பா தினமும் ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். விடியுமுன் கிளம்பினால் இரவில்தான் திரும்புவார். அம்மா கார் ஓட்டுவதில்லை. பாட்டியை மாதம் இரண்டு முறை கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாசலில் சொந்தக் கார் நிற்கும்; நாங்களோ வாடகைக் காருக்குக் காத்திருப்போம். பல்கலைக்கழக விடுமுறையில் நான் உரிமம் எடுத்துவிட்டால் அந்தச் சிரமம் தீரும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

மறுதேர்வுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. காரைப் பார்த்தாலே கை வேர்த்தது. அப்போதுதான், இரண்டாம் படிவத்தில் படிக்கும் என் தம்பி, "அக்கா, இங்க வந்து ஓட்டுங்க. இங்க யாரும் இறங்கச் சொல்ல மாட்டாங்க" என்று தன் அறைக்குக் கூப்பிட்டான்.

இது வேறு மாதிரி பந்தயம்

அவனிடம் இருந்தது 'டர்ட் ரேலி 2.0'. கோட்மாஸ்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட விளையாட்டு. படிப்பு மேசையில் திருகி மாட்டிய பழைய ஸ்டியரிங் ஒன்றும் வைத்திருந்தான். அதைத் திருப்பினால் மேசையே ஆடும்.

கார் பந்தயம் என்றால் வட்டப் பாதையில் இருபது கார்கள் ஒன்றையொன்று முந்துவதுதான் நம் நினைவுக்கு வரும். ரேலி அப்படியல்ல. காட்டுச் சாலையையோ மலைச் சாலையையோ போக்குவரத்துக்கு மூடிவிட்டு, ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். எதிரி கண்முன்னே இல்லை, கடிகாரம்தான் எதிரி. மண், சரளைக்கல், பனி, தார் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து இருக்கையில் ஓர் இணை ஓட்டுநர் அமர்ந்து, அடுத்து வரும் வளைவுகளை வாசித்துக்கொண்டே வருவார்.

இந்த விளையாட்டில் தவறு செய்தால் சில நொடிகள் பின்னோக்கிச் சென்று திருத்தும் வசதி கிடையாது. மரத்தில் மோதினால் மோதியதுதான். டயர் கிழிந்தால் கிழிந்த டயருடனே ஓட்ட வேண்டும். இல்லையென்றால் நின்று மாற்ற வேண்டும். கார் பள்ளத்தில் விழுந்தால் திரும்பச் சாலையில் வைப்பார்கள், ஆனால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள்.

முதல் நாள் நான் தேர்ந்தெடுத்தது ஆவ்டி குவாட்ரோ. 1980களின் 'குரூப் பி' பிரிவுக் கார். அந்தப் பிரிவுக் கார்களின் வேகம் உயிர்களைப் பறித்ததால், 1986ஆம் ஆண்டோடு அதையே நிறுத்திவிட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது வளைவைக்கூட நான் பார்க்கவில்லை. தம்பி கட்டிலில் விழுந்து சிரித்தான்.

சின்ன காரிடம் படித்த பாடம்

மறுநாள் அவனே எனக்கு ஒரு மினி கூப்பர் எஸ் எடுத்துக் கொடுத்தான். பொம்மை போன்ற 1960களின் கார். "இதுல ஓட்டத் தெரிஞ்சாதான் அடுத்தது" என்றான். நான் முகத்தைச் சுளித்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: இந்தக் குட்டிக் கார்தான் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் புகழ்பெற்ற மோன்டி கார்லோ ரேலியை வென்றது. தன்னைவிட சக்திவாய்ந்த கார்களைத் தோற்கடித்த கார் அது.

சக்தி குறைந்த கார் ஒரு நல்ல ஆசிரியர். செய்த தவறு என்னவென்று புரிந்துகொள்ள நேரம் கொடுக்கும். நியூசிலாந்தின் அகலமான சரளைச் சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில், எங்கே, ஏன் விழுந்தேன் என்று எழுதி வைத்தேன். மூன்று நாளில் ஒரே வரி பத்துப் பன்னிரண்டு முறை வந்திருந்தது: 'வளைவுக்குள் பிரேக் போட்டேன்.'

ஏன் அது தவறு? படிவம் நான்கில் படித்த இயற்பியல்தான். நின்றுகொண்டு பயணம் செய்யும்போது பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? காரும் அப்படித்தான். பிரேக்கை மிதித்ததும் எடை முன் சக்கரங்களுக்குப் போகும்; பின் சக்கரங்கள் லேசாகிவிடும். எக்சலரேட்டரை மிதித்தால் எடை பின்னால் போகும். எந்தச் சக்கரத்தில் எடை அழுத்துகிறதோ அதற்குப் பிடிமானம் அதிகம்.

ஆனால் ஒரு டயரின் பிடிமானத்துக்கு எல்லை உண்டு. முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்தால் திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சக்கரம் திரும்பியிருக்கும், கார் மட்டும் நேராகவே வழுக்கிப் போகும். அதனால் கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முன்பக்கம் கனமாகி டயர் தரையைப் பிடித்திருக்கும் அந்த நொடியில், பிரேக்கை மெல்ல விட்டபடியே திருப்ப வேண்டும். வளைவு திறந்து சாலை தெரிந்த பிறகுதான் எக்சலரேட்டர்.

இதை அப்பாவிடம் சாப்பாட்டு நேரத்தில் பெருமையாக விளக்கினேன். அவர் சிரித்தார். "பாப்பா, மீன்குழம்புச் சட்டிய மடியில வச்சிருக்கறதா நெனச்சு ஓட்டு. சிந்தலன்னா நல்லா ஓட்டுறேன்னு அர்த்தம்." நான் அரைப் பக்கம் எழுதியதை அவர் ஒரே சட்டியில் அடக்கிவிட்டார்.

காதால் ஓட்டுவது

அடுத்த சிக்கல் இணை ஓட்டுநர். இந்த விளையாட்டில் குரல் கொடுப்பவர் ஃபில் மில்ஸ். 2003இல் பெட்டர் சோல்பர்க் உலக ரேலி விருதை வென்றபோது பக்கத்து இருக்கையில் இருந்தவர் இவர்தான். 'இடது நான்கு, இறுகும், உள்ளே வெட்டாதே' என்பதுபோல் ஆங்கிலத்தில் விடாமல் சொல்லிக்கொண்டே வருவார். எண் 6 என்றால் லேசான வளைவு. 1 என்றால் மிகக் கூர்மையானது. 'இறுகும்' என்றால் போகப் போக வளைவு கூர்மையாகும். 'வெட்டாதே' என்றால் உள்பக்க ஓரத்தில் கல்லோ கட்டையோ இருக்கிறது.

முதல் வாரம் அது எனக்கு வெறும் இரைச்சல். நான் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டினேன். ஆனால் கண்ணுக்குத் தெரிவது இந்த வளைவு மட்டும். அவர் சொல்வதோ அடுத்த வளைவு, அதற்கும் அடுத்த வளைவு. தம்பி திரையை மறைத்துக்கொண்டு நின்று, "இடது மூணுன்னா எந்த கியர்?" என்று வாய்ப்பாடு கேட்பதுபோல் கேட்டான். இரண்டாம் வாரத்தின் ஏதோ ஓர் இரவில் அந்தக் குரல் புரிய ஆரம்பித்தது. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது.

இந்தக் குறிப்புகள் வானத்திலிருந்து வருவதில்லை. நிஜ ரேலியில், பந்தயத்துக்கு முன்பே ஓட்டுநரும் இணை ஓட்டுநரும் அதே சாலையில் மெதுவாகச் சென்று, ஒவ்வொரு வளைவையும் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். உலக ரேலியில் இரண்டு முறை மட்டுமே அப்படிச் சென்று பார்க்க அனுமதி. பந்தய நாளின் வேகம் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் பிறக்கிறது.

பாறையின் மேல் கண்

மூன்றாம் வாரம் அர்ஜென்டினாவுக்குப் போனேன். குறுகலான மலைச் சாலை, ஓரமெல்லாம் பாறை. ஓரிடத்தில் வலப்பக்கம் ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டிருக்கும். அதில் மோதக் கூடாது, மோதக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய், சரியாக அதிலேயே மோதுவேன். ஒரே மாலையில் ஒன்பது முறை மோதினேன்.

"அக்கா, நீங்க பாறையையே பாக்குறீங்க" என்றான் தம்பி. "அதுக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கு பாருங்க."

கை, கண் போகும் இடத்துக்கே வண்டியைக் கொண்டுபோகும். மோட்டார்சைக்கிள் பயிற்சியிலும் ரேலிப் பயிற்சியிலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பத்தாவது முறை, பாறை இருப்பதாகவே நினைக்காமல், வளைவு முடியும் இடத்தில் கண்ணை வைத்தேன். கார் கடந்துபோனது. நான் திரையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தேன். மேட்டில் நடந்ததும் இதுதானே! கண்ணாடியில் பெரிதான காரைப் பார்த்தேன்; போக வேண்டிய உச்சியைப் பார்க்கவே இல்லை.

அன்று முழுச் சாலையையும் மோதாமல் முடித்தேன். தம்பியின் சிறந்த நேரத்தைவிட நாற்பது நொடி அதிகம். ஆனால் அவன் அன்று டயர் கிழிந்து பாதியில் நின்றான். பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கரம்ஜிட் சிங், இணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், புரோட்டோன் பெர்ட் காரில் 2002ஆம் ஆண்டின் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி விருதை வென்றார். கடையில் விற்கும் காரை ஒட்டி அமைந்த கார்களுக்கான பிரிவு அது. எங்கள் ஜொகூரின் செம்பனைத் தோட்டச் செம்மண் சாலைகளிலும் அனைத்துலக ரேலிகள் நடந்திருக்கின்றன. சிறு வயதில் தாத்தாவின் தோட்டத்தில் நான் சைக்கிளில் சறுக்கி விழுந்த அதே மாதிரி சாலைகள்!

விளையாட்டு சொல்லித்தராதது

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான்காம் வாரம் பயிற்றுநருடன் நிஜக் காரில் உட்கார்ந்தேன். பதற்றம் குறைந்திருந்தது. ஒரு வளைவில் அழகாக வேகத்தைக் குறைத்தேன், கண்ணை முன்னால் வைத்தேன், ரேலியில் செய்வதுபோலவே சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திருப்பினேன். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டேன். எதிரே மோட்டார்சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. பயிற்றுநர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

மோட்டார்சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பாவின் வயதுதான் இருக்கும். முதுகில் பை, மழைச்சட்டை.

"தங்கச்சி, இது ஒன் ரோடு மட்டும் இல்ல" என்றார் பயிற்றுநர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அப்பா வீட்டுக்கு வரும்வரை நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ரேலிச் சாலையை மூடியிருப்பார்கள். எதிரே யாரும் வர மாட்டார்கள் என்ற உறுதியில்தான் அந்த வேகம் இருக்கிறது. நம் சாலையை யாரும் மூடுவதில்லை. விளையாட்டில் மோதினால் வலிப்பதில்லை, உடல் குலுங்குவதில்லை, கிளச்சின் அதிர்வு காலில் தெரிவதில்லை. 2018இல் மின்விளையாட்டு உலக ரேலி விருதை வென்ற ஜான் ஆம்ஸ்ட்ராங் நிஜ ரேலியும் ஓட்டுபவர்தான். அதனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேகத்தைத் திரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். கவனத்தை மட்டும் சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

நானும் ஒன்றைக் கொண்டுவந்தேன்: நோட்டுப் புத்தகம். தேர்வுச் சாலையில் அப்பாவின் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து இரண்டு முறை மெதுவாகப் போய்க் குறிப்பு எழுதினேன். 'வலது இரண்டு. பள்ளிக்கூடம். வேகத்தடை. சந்தியில் முழுதாக நில். பழக்கடை முன்னால் நடப்பவர்கள்.' வளைவுகளைவிட மனிதர்கள்தான் அதில் அதிகம் இருந்தார்கள்.

நீங்களும் முயல நினைத்தால்

விலையுயர்ந்த ஸ்டியரிங் தேவையில்லை. சாதாரணக் கைக்கருவியே போதும். சக்தி குறைந்த, முன்சக்கர இயக்கமுள்ள காரில் தொடங்குங்கள். ஒரே சாலையைப் பல முறை ஓட்டுங்கள். முதலில் மோதாமல் முடிக்கப் பாருங்கள். நேரத்தைப் பிறகு குறைக்கலாம். பாட்டை நிறுத்திவிட்டு இணை ஓட்டுநரின் குரலைக் கூட்டி வையுங்கள். விழுந்த காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். களைத்த பிறகு ஓட்டினால் கெட்ட பழக்கம்தான் படியும்.

மறுதேர்வு நாளில் மேட்டில் ஏறி நிறுத்தினேன். கண்ணாடியில் பின்னால் ஒரு கார் தெரிந்தது. உச்சிக்கு அப்பால் இருந்த மரத்தின் கிளையைப் பார்த்தேன். கிளச்சின் அதிர்வு காலுக்கு வரும்வரை காத்திருந்து கை பிரேக்கை விட்டேன். கார் முன்னால் நகர்ந்தது.

போன மாதம் 'பி' ஒட்டிய எங்கள் காரில் பாட்டியைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். முன் இருக்கையில் தம்பி, மடியில் என் நோட்டுப் புத்தகம்.

"அக்கா, வலது ரெண்டு. அப்புறம் வேகத்தடை."

பின்னாலிருந்து பாட்டி கேட்டார்: "என்னடா, வண்டியில கணக்குப் பாடமா நடத்துற?"

"இல்ல பாட்டி, ரோட்டப் படிக்கிறோம்."

"படிங்க, படிங்க. மெதுவாவே படிங்க. டாக்டர் எங்கயும் போக மாட்டாரு."