அரிதாரம் – 9: ஒரு பையனுக்காக ஓர் இரவு

1918இல் மதுரையில், சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் ஆறு வயதுச் சண்முகத்தைச் சேர்த்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர், அண்ணன்மார் சங்கரனும் முத்துசாமியும் அதே கம்பெனியில். மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் மகரக்கட்டு, அதாவது பையன்களுக்குக் குரல் உடைவது, பற்றி எழுதுவதாகச் சொன்னேன். ஆனால் தி.க.சண்முகம் எழுதிவைத்த நினைவுகளை மறுபடி புரட்டியதிலிருந்து ஓர் இரவு என்னை விடமாட்டேன் என்கிறது.

'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். நான்கு மணி நேரம் ஆடக்கூடிய நாடகம். நூற்றுக்கு மேல் பாட்டு, கூடவே வசனம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. எழுதியவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். எழுதியது யாருக்காக? அபிமன்யு வேடம் போடப்போகும் சிறுவன் சண்முகத்துக்காக.

வேகத்தைப் பற்றி எல்லோரும் வியந்திருக்கிறார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். அன்று மேடையில் மைக் கிடையாது. ஆர்மோனியம் எடுக்கும் சுருதியில் நின்று, கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதுவரை குரல் போயாக வேண்டும். மெட்டு ஒரு சுரம் தவறான இடத்தில் ஏறினால் போதும், பையனின் தொண்டை மாட்டிக்கொள்ளும். அடி நீண்டால் மூச்சு நிற்காது. வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் சுவாமிகளுக்குக் கைவந்தவை. மெட்டுகள் தலைக்குள்ளேயே இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்திருக்க வேண்டும்: இந்தப் பையன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான், எந்தச் சொல்லை அழுத்துவான் என்ற கணக்கு. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் அது தெரியும். தையற்காரர் பிள்ளையை நிற்கவைத்து அளவெடுப்பதுபோல அந்த நாடகம் அளவெடுத்துத் தைத்தது. பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி என்றால் பிரம்படியும் மனப்பாடமும் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அவையும் இருந்தன. ஆனால் ஒரு குழந்தையின் மூச்சுக்கு ஆசிரியர் ஒரு முழு நாடகத்தையே எழுதித் தந்ததும் அந்தப் பயிற்சிக்குள்தான் இருக்கிறது.

சுவாமிகளும் ஒருகாலத்தில் வேடம் கட்டியவர். இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் என்று பார்த்தாலே குலை நடுங்கும் வேடங்கள். ஒருமுறை சனீஸ்வரன் கோலத்தோடே விடியற்காலையில் அரிதாரம் கழுவ நீர்நிலைக்குப் போனாராம். துணி வெளுக்க வந்திருந்த கர்ப்பிணி ஒருத்தி அதைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்விட்டாளாம். அதன்பிறகு அவர் முகத்தில் அரிதாரம் பூசவேயில்லை, ஆசிரியராகவே இருந்துவிட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். இந்தக் கதையைக் கேட்டபிறகு அபிமன்யு இரவு எனக்கு இன்னும் கனத்துத் தெரிகிறது. தான் ஏறாத மேடையில் ஒரு சிறுவனை ஏற்ற, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

பிறகு பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது. வாத்தியார் இல்லாத கம்பெனியில் அவன் பட்ட பாட்டைத் தனியே எழுத வேண்டும். 1925 மார்ச் 31இல் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். அவன் பெயரைத் தாங்கிய கம்பெனி. அவனுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. குரல் உடையும் பருவம் வாசலில் நின்றது. மகரக்கட்டை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ நாடகக் கம்பெனியில் இருந்தவரானால், அவருடைய பாட நோட்டு பரணில் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.