டியூ கட்டவா கார்? கிலோமீட்டர் கணக்குப் போட்டு வாங்குங்கள்!

சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில் கார் ஷோரூம்களில் விவசாயிகளைப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு வெங்காய விலை சரிந்துவிடும். ஆனால், மாதா மாதம் கட்ட வேண்டிய டியூ சரியாது. நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி வட்டாரத்தில் வெங்காயம், நிலக்கடலை, மரவள்ளி என்று பயிர் செய்யும் குடும்பங்களுக்கு இன்று கார் தேவையாகிவிட்டது. பெரியவர்களை நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைச் சேலத்தில் கொண்டுபோய் விட வேண்டும், உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போக வேண்டும். எனவே, 'கார் வாங்கலாமா?' என்பதைவிட, 'எந்தக் கார் வாங்கினால் கையைக் கடிக்காது?' என்பதே இப்போது கேட்கப்படும் கேள்வி.

இதற்கு விடை ஷோரூமில் இல்லை. பயிருக்குச் சாகுபடிச் செலவு எழுதுவதுபோல, காருக்கும் ஒரு நோட்டில் வரவு செலவு எழுதிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

லாரிக்காரர்கள் சொல்லித்தரும் பாடம்

நாமக்கல் என்றால் முட்டைக்கு அடுத்து நினைவுக்கு வருவது லாரி. பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர் லாரி உரிமையாளர்களும் நிறைந்த ஊர். லாரி வாங்குபவர் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்கள்: ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவு, வழியில் நின்றால் உதிரிபாகம் கிடைக்குமா, விற்கப்போனால் என்ன விலை போகும். காருக்கும் இந்த மூன்றே போதும்.

நம் நாட்டுக் கார் வரலாறும் இதையே சொல்கிறது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின் கொண்ட சின்ன வண்டி. 2014 ஜனவரி வரை, 30 ஆண்டுகள் அதன் உற்பத்தி நடந்தது. எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவார். எந்தக் கடையிலும் அதன் சாமான் கிடைக்கும். 2009-ல் வந்த டாடா நானோ, 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று பேசப்பட்டது. ஆனாலும், 2018-ல் அதன் உற்பத்தி நின்றுபோனது. விலை குறைவாக இருப்பது மட்டுமே ஒரு காரை நிலைக்க வைக்காது.

நோட்டில் எழுத வேண்டிய கணக்கு

காரின் செலவு இரண்டு வகை. வண்டி ஷெட்டில் நின்றாலும் ஆகும் செலவு ஒன்று: மதிப்புத் தேய்மானம், காப்பீடு, கடன் வட்டி. ஓடினால் ஆகும் செலவு மற்றொன்று: பெட்ரோல், சர்வீஸ், டயர். நிலத்தில் குத்தகைத் தொகையும் கூலியும்போலத்தான்.

உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை மாதிரித் தொகைகள். அவரவர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

புதிய சிறிய கார் (விலை ரூ.5 லட்சம், 10 ஆண்டு கழித்து ரூ.1 லட்சத்துக்கு விற்பனை):
தேய்மானம் – ரூ.40,000
காப்பீடு – ரூ.12,000
பெட்ரோல் (லிட்டருக்கு 18 கி.மீ.) – ரூ.33,300
சர்வீஸ், டயர், பேட்டரி – ரூ.10,000
ஆண்டுச் செலவு – ரூ.95,300
ஒரு கி.மீ.க்கு – சுமார் ரூ.16

பழைய கார் (விலை ரூ.2.5 லட்சம், 6 ஆண்டு கழித்து ரூ.1 லட்சத்துக்கு விற்பனை):
தேய்மானம் – ரூ.25,000
காப்பீடு – ரூ.8,000
பெட்ரோல் (லிட்டருக்கு 16 கி.மீ.) – ரூ.37,500
பழுது, சர்வீஸ், டயர் – ரூ.20,000
ஆண்டுச் செலவு – ரூ.90,500
ஒரு கி.மீ.க்கு – சுமார் ரூ.15

பாதி விலைக்கு வாங்கிய வண்டி என்றாலும், ஓட்டும் செலவு பாதியாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய வண்டியின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கடன் இல்லாமல் வாங்க முடியும் என்பதுதான் அது.

புதிய காருக்கு ரூ.4 லட்சம் கடன், 9.5 சதவிகித வட்டி, 5 ஆண்டு என்றால், மாத டியூ சுமார் ரூ.8,400. மொத்தம் கட்டுவது ரூ.5,04,000. அதாவது, வட்டி மட்டும் ரூ.1,04,000. இதைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால், ஆண்டுச் செலவில் இன்னும் ரூ.10,400 கூடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், டியூ மாதா மாதம் வருகிறது. வெங்காயப் பணம் அப்படி வருவதில்லை. பால் ஊற்றும் குடும்பத்துக்கும் கோழிப்பண்ணை வருமானம் உள்ளவர்களுக்கும் மாத டியூ பழகிய விஷயம். பயிரை மட்டும் நம்பி இருப்பவர்கள், அறுவடையை ஒட்டிக் கட்டும்படி தவணையை அமைக்க முடியுமா என்று வங்கியில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிருக்கு வாங்கிய கடனைக் காருக்குத் திருப்பவே கூடாது. விதைக்கும் உரத்துக்கும் பணமில்லாமல் அடுத்த பட்டம் அடிபடும்.

ஆண்டுக்கு 3,000 கி.மீ.கூட ஓடாது என்றால், சொந்தக் காரின் செலவு கி.மீ.க்கு 25 ரூபாயைத் தாண்டிவிடும். அவர்களுக்கு வாடகைக் கார்தான் லாபம். கி.மீ.க்கு 15 ரூபாய், ஒரு நடைக்கு 400 ரூபாய் ஓட்டுநர் படி என்று 30 நடை போனாலும் ரூ.57,000-ல் முடிந்துவிடும்.

எளிய காரின் அடையாளம்

பெட்ரோல் இன்ஜின், கையால் போடும் கியர், டர்போ இல்லாத 1,000 முதல் 1,200 சி.சி. வண்டி. இதுதான் பராமரிக்க எளிது. ஆல்ட்டோ கே10, வேகன் ஆர் போன்றவை இந்த வகை. இவற்றில் டைமிங் செயின் இருப்பதால், பெல்ட் மாற்றும் செலவு இல்லை. சிறிய டயர் என்பதால், நான்கையும் மாற்றும்போது சுமை குறைவு. 1,000 சி.சி.க்கு மிகாத கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் குறைவு.

1,200 சி.சி.க்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. எனவே, அதற்கு முன்பு கேட்டு வைத்த விலையை நம்பாமல் புதிதாக விலைப்பட்டியல் வாங்க வேண்டும். பழைய கார் பேரத்திலும் இதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம்.

டீசல் கார் வேண்டுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்துபோக, வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடி வடிகட்டி சூடேற வேண்டும். தோட்டத்துக்கும் ஊருக்குமாக நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடினால், கரி அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யவோ மாற்றவோ பெரிய செலவாகும். தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கே டீசல் பொருந்தும்.

சி.என்.ஜி. வண்டியில் எரிபொருள் செலவு குறையும். ஆனால், விலை அதிகம். டிக்கியில் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

எளிமை என்ற பெயரில் பாதுகாப்பைக் குறைக்கக் கூடாது. 2014-ல் நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அன்றைய ஆல்ட்டோ 800, நானோ உள்ளிட்ட ஐந்து சின்னக் கார்கள் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. பழைய வண்டி வாங்கினாலும், ஏ.பி.எஸ். பிரேக்கும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் உள்ளதாகத் தேட வேண்டும். குழந்தைகளும் பெரியவர்களும் போகிற வண்டி இது.

பழைய கார் வாங்கும் முன்...

• காலையில், இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது.
• ஆயில் மூடியின் அடியில் மோர்போல வெளுத்த படிவு இருந்தால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.
• டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால், 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. மீட்டர் குறைவாகக் காட்டி, டயர் புதிதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.
• ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்கள் வண்டியில் இருப்பவைதானா என்று ஒப்பிடுங்கள். கடன் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும்.
• பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப்பணம் கொடுங்கள். காப்பீட்டை 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.
• விற்பவருக்குத் தெரியாத மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய், பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

தோட்டத்து வீட்டில் காரைக் காப்பது

ஆயில் மாற்ற 10,000 கி.மீ. ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓட்டம் குறைவென்றாலும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மண் பாதையில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்ட வேண்டும். அடைத்தால் மைலேஜ் குறையும். தீவனமும் கடலையும் வைத்திருக்கும் கொட்டகையில் காரை நிறுத்தினால், எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறையாவது வண்டியை 20 நிமிடம் ஓட்டினால், பேட்டரி இறங்காது.

உர மூட்டையை டிக்கியில் ஏற்றுவது பலரின் வழக்கம். யூரியா ஈரத்தை இழுக்கும். பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. சிந்தியது தரை விரிப்புக்கு அடியில் தங்கினால், தகடு துருப்பிடிக்கும். பூச்சிமருந்தை மூடிய காருக்குள் ஆட்களோடு கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

வெங்காய மூட்டையும் ஏற்றலாம், குடும்பமும் போகலாம் என்று ஈகோ போன்ற வேன் வாங்கலாமா?

வீட்டில் ஆறேழு பேர் இருந்தால் வாங்கலாம். சிறிய காரைவிட மைலேஜ் குறையும். நான்கைந்து மூட்டைக்குமேல் என்றால், சந்தை நாளில் சரக்கு ஆட்டோவை வாடகைக்குப் பிடிப்பதே நல்லது. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆளோ சரக்கோ ஏற்றினால், விபத்தின்போது காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.

கொல்லிமலைக்கு 1,000 சி.சி. கார் ஏறுமா?

ஏறும். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல், இரண்டாம் கியரில் நிதானமாகப் போக வேண்டும். ஐந்து பேர் இருந்தால் ஏ.சி.யை நிறுத்திவிடலாம். இறங்கும்போதும் அதே கியர்தான். நியூட்ரலில் இறங்கினால், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

15 ஆண்டு ஆன காரை வாங்கலாமா?

தவிர்ப்பது நல்லது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் தகுதிச் சோதனை செய்து, கட்டணம் கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களைப் பாதிக்கக்கூடும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் வண்டி என்றால், எரிபொருள் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டி, வெடிப்பு இருந்தால் மாற்றிவிட்டு ஓட்டலாம்.