180 கோடி ரூபாய் புத்தர்: தங்கத்துக்கா இந்த விலை?

2013 அக்டோபரில் ஹாங்காங் சோத்பீஸ் ஏலத்தில், தங்கமுலாம் பூசிய ஒரு சீன வெண்கல புத்தர் சிலை சுமார் 23.6 கோடி ஹாங்காங் டாலருக்கு விலை போச்சு. அன்றைய மதிப்பில் 180 கோடி ரூபாய்க்கு மேல். 2006-ல் அதே ஏல நிறுவனத்தில், அதே காலத்து சிலை ஒண்ணு 11.66 கோடி ஹாங்காங் டாலருக்குப் போயிருந்தது.

உடனே கால்குலேட்டரை எடுப்பீங்க. ஏழு வருஷத்தில் இரண்டு மடங்கு, அதாவது வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல். "எஸ்ஐபி-யை நிறுத்திட்டு சிலை வாங்கலாமா?"

கொஞ்சம் பொறுங்க. அது வேற சிலை, இது வேற சிலை. அடையாறில் ஒரு வீடு, அண்ணாநகரில் ஒரு வீடு, இரண்டு விற்பனை விலையையும் வச்சு வருமான விகிதம் போட முடியுமா? அதே கதைதான்.

தங்கம் எவ்வளவு?

ரொம்பக் கொஞ்சம். தங்கத்தைப் பாதரசத்தோட கலந்து பசையாக்கி, வெண்கலத்து மேல தடவி சூடு பண்ணுவாங்க. பாதரசம் ஆவியாகிடும், மெல்லிய தங்கப் படலம் ஒட்டி நிற்கும். உருக்கி விற்றால் ஏல விலையோட ஓரத்துக்குக் கூட வராது.

பிறகு எதுக்கு விலை?

சிலையின் தாமரைப் பீடத்தில் ஆறு சீன எழுத்து இருக்கும். "மகா மிங் வம்சத்து யோங்லே ஆட்சியில் வழங்கப்பட்டது" என்று அர்த்தம். யோங்லே பேரரசர் (ஆட்சி 1402-1424) அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறிச்சவர். 1407-ல் திபெத்தின் ஐந்தாவது கர்மபாவை நான்ஜிங்குக்கு வரவழைச்சு, இறந்த பெற்றோருக்காக சடங்குகள் நடத்த வச்சார். அரண்மனைப் பட்டறையில் செஞ்ச இந்த மாதிரி சிலைகள் திபெத்திய மடங்களுக்குப் பரிசாகப் போச்சு. பக்தியும் அரசியலும் ஒரே சிலைக்குள்ள!

சிலையோட உள்பக்கம் வெற்றிடம். அதில் மந்திரச் சுருள், புனிதப் பொருட்களை வச்சு, அடியில் செப்புத் தகடால் மூடுவாங்க. கும்பிடுறவங்களுக்கு அதுதான் சிலையோட உயிர்.

அரசர்கள் மட்டும் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் கி.பி. 524-ஐச் சேர்ந்த ஒரு மைத்ரேய புத்தர் இருக்கார். சுற்றிலும் தேவர்கள், பின்னால் தீச்சுடர் போல ஒளிவட்டம். இறந்துபோன மகன் நினைவாக ஒரு அப்பா செய்ய வச்சதுன்னு அதன் கல்வெட்டு சொல்லுது. புத்தரை உருவாக்கினால் கிடைக்கிற புண்ணியத்தை, போய்ச் சேர்ந்தவங்க பேருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பது அவங்க நம்பிக்கை. அந்த அப்பா போட்ட கணக்கில் விற்கிற விலைக்கு இடமே இல்லை.

உங்க பணத்துக்கு இதில் என்ன?

"பழைய சீன புத்தர், 40,000 ரூபாய்தான், நாளைக்கு லட்சங்கள்" என்று யாராவது சொன்னால் நாலு விஷயம் பாருங்க.

1. யோங்லே முத்திரையைப் பிற்காலத்திலும் நிறைய போலியாகப் பொறிச்சிருக்காங்க. எழுத்து இருக்கிறது மட்டும் ஆதாரம் ஆகாது.

2. யார் கையிலிருந்து யாருக்கு வந்தது? பில், பழைய ஏலப் பட்டியல், இறக்குமதி ஆவணம் கேளுங்க. காகிதம் இல்லாத சிலை, பத்திரம் இல்லாத மனை.

3. பெரிய ஏல நிறுவனங்களில் வாங்குபவர் ஏலத்தொகைக்கு மேல் கமிஷன் தரணும், விற்பவருக்கும் செலவு உண்டு. அவசரத்துக்கு விற்க நினைச்சாலும் ஆள் கிடைக்கணும்.

4. சோபாவை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. சிற்பமும் கலைப்பொருளும் அப்படி இல்லை, லாபத்துக்கு வரி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வச்சிருந்தால் 12.5%, கூடவே செஸ்.

ஆறு மாத அவசர நிதியும் டெர்ம் இன்ஷூரன்சும் இல்லாமல் இந்தப் பக்கமே போகாதீங்க. அதெல்லாம் இருந்து, பிடிச்சுப்போய் வாங்கினால், முதலீடு என்ற கணக்கில் எழுதாதீங்க. ஆசைக்கு வாங்கினதுன்னு எழுதி வைங்க. விலை ஏறாவிட்டாலும் அந்தப் புத்தர் உங்க வீட்டில் நிம்மதியா இருப்பார், நீங்களும்தான்.