வெயில் ஏறினால் தானாக இறங்கும் ஜன்னல் திரை: வீட்டிலேயே செய்ய முடியுமா?

உங்கள் ஃபிளாட்டில் மேற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

கோடையில் பிற்பகல் 3 மணிக்கு மேல் அந்த ஜன்னலில் விழும் வெயிலைச் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னலுக்கு 900 வாட். சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை, அதாவது 700 வாட்டுக்கு மேல், உள்ளே விட்டுவிடும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே சுமார் 3,500 வாட்தான். ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரு ஜன்னலுக்கே போய்விடுகிறது. பகலெல்லாம் நீங்கள் ஆபீஸில். திரும்பி வரும்போது சுவரும் தரையும் சூடேறிக் கிடக்கும்.

திரை உள்ளேயா, வெளியேயா?

மோட்டார் வாங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். உள்பக்கத் திரையை வெயில் தொடும்போது அது கண்ணாடியைத் தாண்டி வந்தாச்சு. வெளிர் நிறத் துணி கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், மிச்சம் அறைக்குள்தான். வெளியே தொங்கும் திரையோ வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்துகிறது. ஆனால் அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதியும், வாடகை வீடு என்றால் ஓனரின் சம்மதமும் வேண்டும்.

என்னென்ன தேவை?

• இஎஸ்பி32 போர்டு: வைஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர். விலை சில நூறு ரூபாய்.
• வெளிச்சத்தை அளக்கும் சென்சார்.
• 12 வோல்ட் கியர் மோட்டார், அதை இயக்கும் டிரைவர் போர்டு, அடாப்டர்.
• மேலும் கீழும் ஒவ்வொரு லிமிட் சுவிட்ச். திரை எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்துவது இதுதான்.

மோட்டாருக்கு எவ்வளவு பலம் வேண்டும்?

திரையின் எடையை, அது சுருளும் குழாயின் ஆரத்தால் பெருக்குங்கள். 2 கிலோ, 2.5 செ.மீ. என்றால் 5 கிலோ-செ.மீ. உராய்வையும் சேர்த்து இருமடங்காக, 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பநிலை கிட்களில் வரும் 28பிஒய்ஜே-48 மோட்டாரின் பலம் ஏறக்குறைய 0.3தான். அது இதற்குச் சரிப்படாது.

எப்போது மூடணும், எப்போது திறக்கணும்?

கடிகாரத்தை மட்டும் நம்பினால் மழை நாளிலும் மூடிக்கொள்ளும். வெளிச்சத்தை மட்டும் நம்பினால் ஒவ்வொரு மேகத்துக்கும் ஏறி இறங்கும். அதனால் இரண்டு அளவு வையுங்கள்: உதாரணமாக 40,000 லக்ஸுக்கு மேல் போனால் மூடு, 20,000-க்குக் கீழே வந்தால் திற. அதுவும் 10 நிமிடம் அதே நிலை நீடித்தால் மட்டும். ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருளோடு இணைத்தால் போனிலிருந்தும் இயக்கலாம். ஆனால் இந்த விதி போர்டிலேயே இருக்கட்டும். வைஃபை போனாலும் வேலை நிற்காது.

எங்கே ஆபத்து?

நீங்கள் இல்லாதபோது வீட்டில் குழந்தையோ வயதானவர்களோ இருக்கலாம். திரையில் கை மாட்டினால் மோட்டார் நின்றே ஆக வேண்டும். மின்னோட்டம் திடீரென ஏறினால் நிறுத்தும் சென்சார் ஒன்று சேருங்கள். வழக்கமாக 20 விநாடியில் இறங்கும் திரை 25 விநாடியிலும் எல்லையைத் தொடாவிட்டால் மோட்டார் அணையட்டும்.

அடுத்தது கரண்ட் கட். வார்ம் கியர் மோட்டார் மின்சாரம் இல்லாவிட்டாலும் திரையை விழாமல் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் கையாலும் தூக்க முடியாது. எனவே மோட்டாரையும் குழாயையும் பிரிக்க ஒரு பின் வையுங்கள். எப்படி எடுப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். 230 வோல்ட் பக்கம் எதுவாக இருந்தாலும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடணுமா?

பகலில் வீட்டில் ஆள் இருந்தால், வெளியே ஒரு மூங்கில் தட்டியும் கயிறும் போதும். 700 வாட்டைத் தடுப்பது தட்டிதான்; மோட்டார் அதை நேரத்துக்கு இறக்குகிறது, அவ்வளவே. அதனால் முதலில் தட்டியைக் கட்டி ஒரு வாரம் கையாலேயே இறக்கிப் பாருங்கள். அறை குளிர்ந்தால், அப்புறம் மோட்டார் வாங்கலாம்.