வாழையைச் சாய்க்கும் வானத்துப் பானை

குச்சனூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஐயா, கோடை மழை வரும்னு சொன்னாங்க. மலைப்பக்கம் கருத்துக்கிட்டு இடி இடிச்சுச்சு. மழை என்னவோ நாலு தூறல்தான். அதுக்கு முந்தி வந்த காத்து, தார் போட்ட வாழையை எல்லாம் சாய்ச்சுப் போட்டுருச்சு. மழையே இல்லாத மேகத்துக்கு இம்புட்டுக் காத்து எங்கிட்டு இருந்து வருது?”

கோடை பிறக்கும்போது ஊரெல்லாம் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்குமான கணிப்பை வெளியிடுகிறது. ஒரு மாதம் கழித்து ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் இன்னொன்று. ‘இயல்பைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு’ என்று அதில் நிதானமாகத்தான் எழுதியிருப்பார்கள். மறுநாள் அதுவே ‘வரலாறு காணாத வெயில்’ என்று தலைப்பாகிவிடுகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. வெப்ப அலை என்று அறிவிக்கவே அந்தத் துறை இடத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30. அத்தோடு அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். தூத்துக்குடிக்கும் மூணாறுக்கும் ஒரே எண் பொருந்தாது என்பது அவர்களுக்குத் தெரியும், தலைப்புக்குத் தெரியவில்லை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் நிற்க, நடுவில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு எந்த எண்ணுமே முழுசாகப் பொருந்துவதில்லை.

வாசகரின் கேள்விக்கு விடை அவர் வீட்டு மண்பானையில் இருக்கிறது.

பானையின் மேனியில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் காற்று வறண்டிருந்தால்தான் பானைத் தண்ணீர் குளிரும். கடற்கரை ஊரில் பானை வேர்த்து வழியும், தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. சித்திரை நடுப்பகலில் சின்னமனூர் பக்கம் பானையைத் தொட்டுப் பாருங்கள், விரல் சில்லிடும். ராஜஸ்தான் பாலையில் இன்னும் சில்லிடும்.

அந்தப் பானையைத் தூக்கி இப்போது வானத்தில் வைப்போம். மதியம் மலைச்சரிவு காய்கிறது, அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறுகிறது. ஏறிய இடத்தை நிரப்பத் தேனிப் பக்கத்துத் திறப்பு வழியாகப் பள்ளத்தாக்குக்குள் காற்று நுழைகிறது. கிழக்கிலிருந்து கொஞ்சம் ஈரமும் வந்து சேர்ந்தால் முகட்டில் மேகம் கட்டும். மூன்று நான்கு மணிக்கு இடிமேகமாக எழும்பி நிற்கும். மழையும் உள்ளே தயாராகிவிடும். ஆனால் மேகத்தின் அடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வறண்ட காற்று கிடக்கிறது. அதற்குள் விழுகிற ஒவ்வொரு துளியும் ஓடில்லாத ஒரு குட்டிப் பானை. மேனியெல்லாம் கசிவுதான்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு கிலோ காற்றுக்குள் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் அந்தக் காற்று 2.5 டிகிரி குளிரும். நாலு கிராம் ஆவியானால் 10 டிகிரி. அப்படிக் குளிர்ந்த காற்று அக்கம்பக்கத்துக் காற்றைவிட 3 சதவீதம் கனம். மூன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு கிலோமீட்டர் உள்ள காற்றுப் பாளத்தின் எடை ஏறத்தாழ 10 லட்சம் டன். அதில் 3 சதவீதம் என்றால் 30,000 டன் கூடுதல் பாரம். வானத்துப் பானைக்குக் கீழே பிரிமணை கிடையாது, அப்படியே இறங்குகிறது. திண்ணையில் குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் நாலா பக்கமும் ஓடுவதுபோல, தரையில் மோதிய குளிர்காற்று பரந்து ஓடுகிறது. மழையாக வந்து சேர வேண்டிய தண்ணீர்தான், வழியிலேயே ஆவியாகி, காற்றாக வந்து வாழையைத் தள்ளியிருக்கிறது. வாழைக்கு மரத்தண்டும் கிடையாது. ஈரம் நிறைந்த மட்டைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கின்றன. உச்சியில் இருபது இருபத்தைந்து கிலோ தார் ஒரு பக்கமாகத் தொங்குகையில், சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தும் தாங்காமல் போவதில் வியப்பில்லை.

பாலையில் இதே காற்று புழுதியையும் வாரிக்கொண்டு வரும். 2018 மே 2 அன்று ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற புழுதிப்புயலில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

இப்படித் தரையில் மோதிப் பரவும் காற்றைக் கண்டு சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜப்பானியர் ஃபுஜிட்டா. 1975 ஜூனில் நியூயார்க்கில் தரையிறங்க வந்த ஒரு விமானம் விழுந்து நொறுங்கியதை ஆராய்ந்தபோது, மேகத்திலிருந்து இறங்கிப் பரவும் காற்றே காரணம் என்றார். பலர் நம்பவில்லை. நாகசாகியில் அணுகுண்டு விழுந்த இடத்தைச் சுற்றி மரங்கள் எப்படி நாலா பக்கமும் சாய்ந்து கிடந்தன என்று இளம் வயதில் நேரில் பார்த்தவர் அவர்; அதே கோலம்தான் அவருக்குத் துப்பானது. அதற்கு மேல் வரலாறு இங்கே வேண்டாம்.

மூன்று மாதக் கணிப்பில் இந்தக் காற்றைத் தேடிப் பயனில்லை. பிறந்து அடங்க அரை மணி நேரம்கூட ஆகாத காற்று இது. ரேடார் பார்த்துச் சொல்லலாமே என்றால், கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ரேடார் உண்டு, நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. காரைக்காலிலிருந்து பார்த்தால், தூரம் கூடக் கூடக் கதிர் தரையைவிட்டு உயர்ந்துவிடும். மேகத்தின் தலை தெரியும். பானை குளிர்கிற அடிப்பகுதி தெரியாது. கைப்பேசிச் செயலி மணிவாரியாக எதைக் காட்டினாலும், அந்த ஒரு கிலோமீட்டரை அது பார்த்துச் சொல்லவில்லை.

ஆனால் கண்ணால் பார்க்கலாம். மேகத்தின் அடி மலைமுகட்டுக்கு வெகு உயரத்தில் நின்று, அதிலிருந்து ஆலம் விழுதுபோலச் சாம்பல் கோடுகள் இறங்கி, தரையைத் தொடாமல் பாதியில் கரைந்தால், அங்கே பானை குளிர்ந்துகொண்டிருக்கிறது. இத்தனை நேரம் வீசிய காற்று சட்டென்று நின்று, மலைப்பக்கமிருந்து சில்லென்று ஒரு வீச்சு முகத்தில் பட்டால், தோப்புக்குள் நிற்காதீர்கள்.

குச்சனூர் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். சாய்ந்த மரங்களை வெட்டி அப்புறப்படுத்தும் முன் அவை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள். எல்லாம் ஒரே திசையில் கிடந்தால் பானை தள்ளி மலையோரம் கவிழ்ந்திருக்கிறது. மயில் தோகைபோல விரிந்து கிடந்தால் உங்கள் தோப்புக்கு நேர் மேலே.