காட்டுவழி நடைக்கு ஒரு ஜி.பி.எஸ்.: எதைப் பார்த்து வாங்குவது?

ஒக்லண்டில் குடியேறிய எமது குடும்பங்கள் விடுமுறை நாட்களில் வைட்டாக்கரே மலைத்தொடருக்கும் ஹுனுவா காடுகளுக்கும் செல்வது வழமையாகி வருகிறது. பாடசாலை முகாமில் காட்டைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் பெற்றோரையும் அழைக்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் வைட்டாக்கரேயின் உச்சி 474 மீற்றர்தானே என்று இக்காட்டை எளிதாக எண்ணிவிடக்கூடாது. பூங்காவின் பரப்பு 16,000 ஹெக்டேயருக்கு மேல். பள்ளத்தாக்குகள் பலவற்றில் கைத்தொலைபேசி எடுபடாது. யூன் மாதத்தில் மாலை 5 மணி கடந்த சிறிது நேரத்தில் சூரியன் மறைந்துவிடும்.

ஊரில் வழி தவறினால் கோயில் கோபுரமோ பனங்கூடலோ கண்ணுக்குத் தெரியும். இங்கு மரங்களுக்குள் இறங்கினால் பத்து யார் தூரம்கூடத் தெரியாத இடங்கள் உண்டு. நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாக நிற்கும். துருவ நட்சத்திரம் இந்நாட்டு வானில் இல்லை. திசைகாட்டியின் முள்ளும் ஒக்லண்டில் உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை கிழக்கே விலகி நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு கிலோமீற்றர் நடந்தால் 300 மீற்றருக்கு மேல் விலகிவிடுவோம். ஆகவேதான் கையடக்க ஜி.பி.எஸ். கருவி பற்றி இங்கு எழுதுகிறோம்.

கருவி என்ன செய்கிறது?

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செய்மதிகள் இடைவிடாது நேரக்குறிப்புகளை அனுப்புகின்றன. நான்கு செய்மதிகளின் குறிப்பு கிடைத்தால் கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டது. அதன்பின், திறந்த வெளியில் சாதாரண கருவியே ஒருசில மீற்றருக்குள் இடத்தைச் சொல்கிறது. அடர்ந்த மரங்களின் கீழும் செங்குத்தான பள்ளங்களிலும் பிழை கூடும்.

இக்கருவி குறிப்பை வாங்குமேயன்றி, நாம் நிற்கும் இடத்தை அரசாங்கத்துக்கோ வேறெவருக்கோ அறிவிக்காது. ஊரில் 1990களில் ரோச் லைற் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. அந்நாட்களைக் கண்டவர்கள் இத்தகைய கருவியைக் கையில் வைத்திருக்கத் தயங்குவது இயல்பே. இந்நாட்டில் இதற்கு அனுமதிப்பத்திரம் எதுவும் வேண்டியதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, பற்றரி. கடையில் வாங்கக்கூடிய சாதாரண ஏ.ஏ. பற்றரியில் இயங்குவதே குடும்பத்துக்கு உகந்தது. தீர்ந்தால் உடனே மாற்றலாம். உதாரணமாக, கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசைக் கருவிகளில் பல இரண்டு ஏ.ஏ. பற்றரிகளில் இயங்குபவை.

இரண்டாவது, தண்ணீர். ஐ.பி.எக்ஸ்.7 என்ற தரக்குறி இருந்தால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். ஒக்லண்ட் மழைக்கு இது அவசியம்.

மூன்றாவது, பட்டன்கள். குளிரில் கையுறையோடு அழுத்தக்கூடியதாக இருக்கவேண்டும். கடையில் கையில் எடுத்து, வீட்டிலுள்ள வயதானவரும் எழுத்துகளை வாசிக்க முடியுமா என்று பாருங்கள்.

நான்காவது, திசை. மலிவான சில கருவிகளில் திசைகாட்டி கிடையாது. நடக்கும்போது மட்டுமே திசை சொல்லும், நின்றால் சொல்லாது. அப்படியானதை வாங்கினால் சாதாரண திசைகாட்டியையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்திரை, இசை, புகைப்படக் கருவி போன்றவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. எமக்கு வேண்டியவை மூன்று வேலைகள்தான்: நிற்கும் இடத்தைச் சொல்லுதல், காரை நிறுத்திய இடத்தைக் குறித்து வைத்தல், வந்த வழியே திரும்பக் கூட்டிவருதல். அடிப்படைக் கருவிகள் இவற்றைச் செய்கின்றன.

பழைய கருவியை வாங்குவோர் விற்பவர் முன்னிலையிலேயே, வெளியில் நின்று, அதை இயக்கிப் பார்க்கவேண்டும். 2019 ஏப்ரல் 6ஆம் திகதி ஜி.பி.எஸ். வாரக் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கியதால் சில பழைய கருவிகள் தவறான திகதியைக் காட்டும்.

தேசப்படத்தோடு பொருத்துதல்

இந்நாட்டில் நடைபயணிகள் பாவிப்பது 1:50,000 அளவுத்திட்டத்திலான ரொப்போ50 தேசப்படம். 2009இல் வெளிவந்தது. இப்படத்திலுள்ள ஒவ்வொரு சதுரமும் ஒரு கிலோமீற்றர். கருவியின் இடக்குறிப்பு முறையை நியூசிலாந்தின் என்.இஸட்.ரி.எம். என்பதற்கு மாற்றிவிட்டால் திரையிலுள்ள இலக்கங்களும் படத்திலுள்ள இலக்கங்களும் பொருந்தும். அதற்கு முந்திய பழைய படங்கள் வேறு அடிப்படையில் வரையப்பட்டவை. அவற்றைப் புதிய அமைப்போடு சேர்த்துப் பாவித்தால் ஏறத்தாழ 200 மீற்றர் பிழை வரலாம்.

கைத்தொலைபேசி போதாதா?

குறியிடப்பட்ட பாதையில் ஓரிரு மணித்தியால நடைக்குப் போதும். தேசப்படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால், தொடர்பு இல்லாத இடத்திலும் தொலைபேசியின் ஜி.பி.எஸ். இயங்கும். ஆனால் குளிரும் ஈரமும் தொலைபேசியின் பற்றரிக்கு ஆகாது. அது தீர்ந்தால் வழியும் போய், உதவிக்கு அழைக்கும் வசதியும் போய்விடும். நாள் முழுவதும் நடப்பவர்களுக்கே தனிக்கருவியைச் சொல்கிறோம்.

கருவி செய்யாதவை

ஜி.பி.எஸ். உதவிக்கு ஆளை அழைக்காது. தூர இடங்களுக்குச் செல்வோர் 406 மெகாஹேர்ட்ஸ் அபாய சமிக்ஞைக் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். சொந்தமாக வாங்கினால் நியூசிலாந்துக்கு உரியதாகப் பார்த்து வாங்கி, பதிவு செய்யவேண்டும், பதிவு இலவசம். தொடர்பு உள்ள இடமானால் 111ஐ அழைத்துப் பொலிஸாரைக் கேட்டு, திரையிலுள்ள இலக்கங்களை வாசியுங்கள். பொலிஸ் என்றதும் பின்வாங்க வேண்டாம். இங்கு காட்டில் காணாமற்போனவரைத் தேடும் பொறுப்பு அவர்களுடையது. அதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை.

குறுக்குவழி தேடவும் இதைப் பாவிக்கக்கூடாது. கௌரி மரங்களை அழிக்கும் நோய் மண்ணோடு பரவுவதால் 2018இல் வைட்டாக்கரேயின் காட்டுப் பகுதி மூடப்பட்டு, பின்னர் பாதைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. திறந்துள்ள பாதை எது என்பதை அரடாக்கி வருகையாளர் நிலையத்தில் கேட்டறியலாம். பாதை வாசலில் சப்பாத்தைச் சுத்தம் செய்து, பாதையிலேயே நடக்கவேண்டும்.

கருவியை வாங்கியதும் நேரே காட்டுக்குச் செல்லவேண்டாம். முதலில் கோர்ன்வோல் பூங்காவில் பழகுங்கள். காரை நிறுத்திய இடத்தைக் குறித்துவிட்டு அரைமணி நேரம் நடந்து, கருவியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துத் திரும்பி வரச் சொல்லுங்கள். குடும்பத்தில் இருவருக்காவது இதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். காட்டுக்குப் புறப்படும் நாளில், எங்கே செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை எழுதி அயலவர் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள்.