சுண்ணாம்பு மண்ணுக்குச் சாம்பல் எதற்கு?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புச் சுரங்கத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்பில்தான் இன்றைக்கு சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. வீட்டுக் குப்பையை மக்க வைக்கும்போதும் அந்தக் கடலை மறந்துவிடக் கூடாது.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருக்கும். ஆனால் காரத்தன்மையால் அவை கரையாமல் கிடக்கும், வேருக்குக் கிடைக்காது. நிலக்கடலையின் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். மக்கிய உரத்தில் உள்ள ஹியூமிக் அமிலம் போன்ற பொருள்கள் இந்த உலோகங்களைப் பிணைத்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். தழைச்சத்துக்கு யூரியாவோடு போட்டியிடும் சரக்கல்ல மக்கு உரம். இந்த மண்ணில் அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி நிற்கும் செம்மண்ணுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

குப்பைக்குழியில் நாற்றம் வந்தால் அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ அள்ளித் தூவுவது வழக்கம். இந்தூரில் ஆய்வு செய்த ஆல்பர்ட் ஹோவர்டு 1931-ல் வெளியிட்ட நூலில் சொன்ன கலவையிலும் விறகுச் சாம்பல் உண்டு, அமிலத்தன்மையைத் தணிக்கத்தான். ஆனால் குவியல் அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். முதல் சில நாளில் நுண்ணுயிர்கள் அமிலங்களை உண்டாக்கும். பிறகு புரதம் சிதைந்து அம்மோனியா பிறக்க, நிலைமை காரத்துக்குத் திரும்பும். அந்த நேரத்தில் சாம்பலும் சேர்ந்தால் காரம் இன்னும் ஏறி, அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். தழைச்சத்தும் போகும், மண்ணில் தேவையில்லாத காரமும் கூடும். ஒரு கைப்பிடி சாம்பலால் குடி முழுகிவிடாது. ஆனால் கூடை கூடையாக வேண்டாம். முட்டை ஓட்டையும் இங்கே வலியச் சேர்க்கத் தேவையில்லை.

நாற்றத்துக்கு மருந்து காற்றுதான். அழுகிய வெங்காயம் வீட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று பெரம்பலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் காற்றோட்டம் விட்டு வெங்காயத்தைக் காப்பவர்கள் அவர்கள். வெங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள் அதிகம். காற்றில்லாத இடத்தில் அவை சிதையும்போதுதான் அந்த நாற்றம். ஈரமான சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால், காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு போட்டுப் பிரட்டிவிட்டால் நாற்றம் அடங்கும். கரிமமும் தழைச்சத்தும் 30-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருந்தால் நுண்ணுயிர்களுக்குச் சௌகரியம். மக்காச்சோளத் தட்டையில் கரிமம் இதைவிட வெகு அதிகம். அதை நறுக்கி, சாணிக்கரைசல் தெளித்துச் சேர்க்கலாம். பருத்தி மார் மட்டும் முரடு. லிக்னின் நிறைந்த அந்தக் கட்டையை வீட்டுக்குழியில் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண்.

இந்த ஊர்களில் குப்பை அழுகுவதைவிடக் காய்ந்துபோவதுதான் பெரிய தொல்லை. மழைக்காலத்துக்கு மேட்டுக் குவியல், வெயில் காலத்துக்குக் குழி என்று ஹோவர்டு பிரித்தது சரிதான். சித்திரையில் மரநிழலில் மூன்றடிக் குழி தோண்டி, மேலே சாக்குப் போட்டு மூடலாம். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது.

ஒரு கன மீட்டர் அளவுக்கு ஒரே தடவையில் குவித்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் சாகும். தினம் ஒரு கிண்ணம் காய்த்தோல் போடும் வீட்டில் அந்தச் சூடு வராது. மெதுவாக மக்கும், அவ்வளவுதான். ஆகவே பூத்து விதை கட்டிய பார்த்தீனியத்தை அதில் போடாதீர்கள்.

துத்தநாகக் குறை தெரிகிற கொல்லையில் துத்தநாக சல்பேட்டைத் தனியாகத் தூவினால் சுண்ணாம்பு மறுபடி கட்டிப்போடும். மக்கிய உரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் வைத்திருந்து இடுவது மேல்.